பிஷப் இல்லாத சபையிலிருந்து ஒரு பிஷப்!
காஞ்சீபுரம், பிள்ளையார்பாளையம் தறிக்காரர்கள் ஊர். 1940-களில் இங்கே ஊழியம் செய்தவர் பாதிரியார் லெஸ்லி நியூபிகின். ஸ்காட்லாந்து சபைக்காரர். அவர் சபையில் பிஷப் பதவியே கிடையாது!

அப்போது ஊருக்கு ஊர் சிறு சிறு சபைகள். ஒரே ஏசு, ஒரே பைபிள். ஆனால் "பிஷப் கை வைக்காதவர் பாதிரியாரா?" என்று கேட்டது ஆங்கிலிக்கன் தரப்பு. "பிஷப் எதுக்கு?" என்றது எதிர்த்தரப்பு.

"பிரிந்து கிடப்பதே பலவீனம்" என்று 1919-ல் தரங்கம்பாடியில் இந்தியப் போதகர்கள் கூடிப் பேசினார்கள். பேச்சு 28 வருஷம் இழுத்தது! முன்னின்ற அசரியா பிஷப் 1945-ல் காலமானார். பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, பாவம்.

கடைசியில் சமரசம்: பிஷப் உண்டு, பழைய பாதிரியார்கள் மறுபடி பட்டம் பெற வேண்டாம். நந்தியாலில் பலர் சேர மறுத்தார்கள்.

1947 செப்டம்பர் 27, சென்னை செயிண்ட் ஜார்ஜ் கதீட்ரல். தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அன்றே நியூபிகின் மதுரை பிஷப் ஆனார். வயது 37!