சோம்பலா? சோகையா?

ஆலைச் சங்கு ஊதியபின் களைத்து வீடு திரும்புகிறோம். அடுப்படியிலே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் துணைவியார். "எந்நேரமும் என்ன அசதி உனக்கு? உழைத்து வருபவன் நான், ஓய்வு உனக்கா?" என்று சீறுகிறோம். சீறியதுண்டா இல்லையா, தோழர்களே? நாம் சீறியதுண்டு, மறைப்பானேன்!

தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு இரைக்கிறது. நாலு படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது. தலைவலி, சில்லிட்ட கைகால், வெளிறிய நாக்கு. நாள்பட்டால் நகம் கரண்டிபோலக் குழிந்தும் போகும். இதற்குப் பெயர் சோம்பல் அல்ல, சோகை! இரத்தத்திலே உள்ள ஹீமோகுளோபின்தான் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்லும் கூலியாள். பெண்ணுக்கு 100 மில்லி இரத்தத்திலே 12 கிராமாவது அது வேண்டும், கருவுற்றவருக்கு 11. குறைந்தால், ஆள் பற்றாத ஆலைபோல, இதயம் ஓடி ஓடி ஓய்கிறது.

வீட்டுச் சிறுமி பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறாள். சாம்பலையும் சிலேட்டுக் குச்சியையும்கூட விடுவதில்லை. "அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டுமடி" என்கிறாள் பாட்டி. மழை கொட்டுமோ கொட்டாதோ, இரும்புச்சத்து குறைந்ததற்கு அது அறிகுறியாக இருக்கக்கூடும். பாட்டியோ மந்திரித்துத் தாயத்து கட்டுகிறாள். தாயத்துத் தகடு இரத்தத்திலே கரையுமா?

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது: இந்தியாவிலே 15 முதல் 49 வயதுவரை உள்ள ஆண்களில் 100க்கு 25 பேருக்குச் சோகை, பெண்களிலோ 57 பேருக்கு! தமிழ்நாட்டுப் பெண்களிலே 53. ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? மாதந்தோறும் இழக்கும் இரத்தம், அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, இவை உடலின் கணக்கு. மீன் துண்டு நமக்கு, குழம்பு பிள்ளைகளுக்கு, சட்டியை வழித்த சோறு அவருக்கு என்பது யார் போட்ட கணக்கு? வெறுங்காலோடு வயலிலே நடப்பவருக்குக் கொக்கிப்புழு வேறு. பாதத்தின் வழியே புகுந்து குடலிலே இரத்தம் குடிக்கிறது.

சோகை முற்றியவர் பிரசவத்தின்போது இரத்தப்போக்கைத் தாங்கமாட்டார். பிள்ளை குறைமாதத்திலே, எடை குறைந்து பிறக்கக்கூடும். அசதி என்று ஏசியது இதைத்தான்!

பீட்ரூட் சிவப்பு, ஆகவே இரத்தம் ஊறும் என்பார் சிலர். நிறத்திலே இல்லை, இரும்பிலே இருக்கிறது சங்கதி. ஈரல், இறைச்சி, மீன் இவற்றின் இரும்பு எளிதிலே உடலிலே சேரும். முருங்கைக்கீரை, கம்பு, பயறு உண்பவர்கள் கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் நன்மை. சோறு உண்ட கையோடு தேநீர் வேண்டாம். இரும்பு உடலிலே சேராமல் அது தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

ஆனால், முற்றிய சோகைக்குக் கீரை மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலே இரத்தம் சோதிக்கிறார்கள், காசில்லாமல். எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல. ஆகவே சோதித்தபின் மாத்திரை. அரை நாள் கூலி போனாலும் உடன் செல்வோம். மாத்திரை உண்டால் மலம் கறுக்கும், வயிறு கொஞ்சம் புரட்டும். அதற்கு அஞ்சி அட்டையைப் பரணிலே எறிந்த வீடுகள் எத்தனையோ! கறுப்பது இயல்பு. புரட்டல் பொறுக்கவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லலாம். இரத்தம் தேறிய பிறகும் மூன்று மாதங்களாவது உண்ணச் சொல்வார்கள். கல்லீரலிலே இருப்பு சேர அவ்வளவு நாள் பிடிக்கும்.