நின்றிருக்கும் காற்றாலைகள்



ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். அக்காலத்தில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் சென்று திரும்பிய நம்மூர் மாணவர் ஒருவர், நல்ல காற்றடிக்கும் வேளையிலும் காற்றாலைகள் சில அசையாமல் நின்றதைக் கண்டு, காரணம் என்னவென்று என்னைக் கேட்டார். பழுது பார்ப்பதற்காக நிறுத்தப்படுபவை சில. “இப்போது உன் மின்சாரம் வேண்டாம்” என்று மின் தொகுப்பே சொல்வதால் நிற்பவையும் உண்டு. இந்த இரண்டாம் வகையைத்தான் இன்று விளக்க விரும்புகிறேன்.

கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் ஏழாம் நாள், திருவண்ணாமலை மாட வீதிகளில் பெரிய தேர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்போரின் இழுப்பு மிகுந்தால் தேர் விரையும்; பாரம் மிகுந்தால் தளரும். முட்டுக்கட்டை போடுவோரோ கண் இமையாமல் காத்திருப்பர். மின் தொகுப்பும் அத்தகைய தேரே. மின் நிலையங்கள் இழுக்கின்றன. நம் விளக்குகளும் மோட்டார்களும் பாரம். தேரின் வேகத்துக்கு ஒப்பானது அதிர்வெண். அது வினாடிக்கு 50 சுழற்சி, 49.90-க்கும் 50.05-க்கும் இடையே நிற்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. உற்பத்தியாகும் மின்சாரம் அந்தக் கணமே செலவாக வேண்டும் என்பதே இதன் பொருள்.

காற்றோ சொன்னபடி கேட்பதன்று. வினாடிக்கு 10 மீட்டர் வேகம் 8 ஆகக் குறைந்தால், அதிலுள்ள ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வேகத்தின் முப்படிக்கேற்ப ஆற்றல் மாறுவதே காரணம். மழை பெய்து குளிர்ந்த ஆடி இரவில் மின்தேவை சுருங்கும், காற்றோ ஓயாது. அப்போது நீர்மின் நிலையங்களை முதலில் குறைப்பர். அனல் நிலையங்களையும் இறக்குவர். ஆனால் திறனில் பாதியளவுக்குக் கீழே கொதிகலனைக் கொண்டுசெல்வது கடினம். அதன்பின் காற்றாலைக்குத்தான் முட்டுக்கட்டை.

வேறொரு தடையும் உண்டு. காற்று மிகுந்திருப்பது தென்கோடியில். மின்தேவை மிகுந்திருப்பது சென்னையிலும் பிற நகரங்களிலும். இடையிலுள்ள கம்பிகள் அளவுக்கு மீறிச் சுமந்தால் சூடேறித் தொய்ந்துவிடும்.

இரண்டு மெகாவாட் இயந்திரம் ஒன்றை ஒரு மணி நேரம் பாதித் திறனில் கட்டிவைத்தால் ஆயிரம் யூனிட் போயிற்று. அதற்கு ஈடான நிலக்கரி எங்கோ எரிகிறது. ஆகையால், விலை மலிவாக வேறிடத்தில் கிடைக்கிறது என்பதற்காகக் காற்றாலையை நிறுத்தலாகாது, தொழில்நுட்பத் தடையோ தொகுப்பின் பாதுகாப்போ மட்டுமே காரணமாகலாம் என்று 2021-இல் நடுவண் அரசு விதி வகுத்தது. நல்ல விதியே. ஆயினும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் உரிய காரணத்தை மக்கள் அறியுமாறு வெளியிடவேண்டும் என்பேன்.

மிஞ்சும் மின்சாரத்தைச் சேமிக்க வழியில்லாமலில்லை. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு உள்ளன. மின்சாரம் மிகுந்த வேளையில் அவை மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்தின் நீரை மேலேயுள்ள காடம்பாறை அணைக்கு ஏற்றும். தேவை மிகுந்த மாலையில் அதே நீரை இறக்கி மின்சாரம் தரும். ஏற்றி இறக்குவதில் ஒரு பங்கு இழப்புண்டு. காற்றாலைகள் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்ட தமிழ்நாட்டுக்கு, இந்த 400 மெகாவாட் மிகச் சிறிய களஞ்சியம்.