மதுரை மல்லி பறக்குது... கணக்கு எந்த ஊர்ல ஏறுது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் வாங்கிய மல்லிகை மொட்டு, ஐஸோடு தெர்மாகோல் பெட்டிக்குள் போய், வாடுவதற்குள் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ பறந்தாக வேண்டும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ இது. ஆனால், அந்தப் பெட்டிகளில் பல, மதுரை விமான நிலையத்தைத் தொடுவதே இல்லை. வேனிலும் லாரியிலும் திருச்சி, கொச்சி, சென்னை என்று போய் அங்கே விமானம் ஏறுகின்றன.

எங்கே ஏறினால் என்ன? கணக்கில்தான் சிக்கல்.

இந்திய விமான நிலையங்கள் ஆணையம் மாதாமாதம் வெளியிடும் புள்ளிவிவரம், ஒவ்வொரு விமான நிலையத்திலும் ஏற்றி இறக்கிய சரக்கை டன்னில் சொல்கிறது. பூ உசிலம்பட்டியில் பூத்ததா என்று அது கேட்காது. கொச்சியில் ஏறினால் கொச்சிக் கணக்கு, அவ்வளவுதான். 'மதுரையில சரக்கே இல்லையே, எதுக்கு வசதி?' என்றும் கேட்கலாம், 'வசதி இல்லாமதான் சரக்கு வெளியூர் போகுது' என்றும் சொல்லலாம். இரண்டு பேரும் காட்டுவது அதே எண்ணைத்தான்!

எடை மட்டும் போதாது என்பதால் உலக அளவில் டன்-கிலோமீட்டர் என்ற அளவையும் பார்க்கிறார்கள். எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். மதுரையிலிருந்து கொழும்பு சுமார் 350 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ. ஒரே 1 டன் மல்லிதான். கணக்கில் எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

பூவுக்கு இன்னொரு வம்பும் உண்டு. எடை குறைவு, இடம் அதிகம். அதனால் 6,000 கன சென்டிமீட்டரை 1 கிலோவாக வைத்து, அது நிஜ எடையைத் தாண்டினால் அதற்குத்தான் கட்டணம். புள்ளிவிவரத்தில் ஏறுவதோ நிஜ எடை. விமானத்தின் வயிறு நிறைந்திருக்கும், டன் கணக்கு இளைத்துத் தெரியும்.

'சரக்கு இத்தனை சதவீதம் எகிறியது' என்று செய்தி வந்தால், எந்த மாதத்தோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்க. மல்லி வரத்து பனிக்காலத்தில் குறையும், வெயிலில் கூடும். டிசம்பரை ஏப்ரலோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. போன வருஷத்து அதே மாதம்தான் சரியான ஜோடி. அதிலும் 2020 ஏப்ரல் மாதிரி பயணிகள் விமானமே ஓடாத மாதம் ஜோடியாக வந்தால், அடுத்த வருஷத்துச் சதவீதத்தை நம்பவே கூடாது.

ஊர்க்கணக்குக்கு வழியே இல்லையா? இருக்கு. 2020 பிப்ரவரியிலிருந்து, ஏற்றுமதியாளர் சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் சரக்கு எந்த மாவட்டத்தில் உருவானது என்றும் குறிப்பிட வேண்டும். கொச்சியில் ஏறும் பெட்டியானாலும், அந்தக் கட்டத்தில் 'மதுரை' என்று எழுதலாம்.