நெஞ்சு நோ வந்தால் பெண் வைத்தியருக்காகக் காத்திருக்கலாமா?

"இருதயத்தில ஏதும் செய்யிறதெண்டால் பெண் டொக்டர்தான் வேணும், கேட்டால் தருவினமோ?" என்று சகோதரிகள் சிலர் எங்களிடம் கேட்கிறார்கள். வெட்கம் ஒரு காரணம். ஆண் வைத்தியர் பார்த்தால் பெண்கள் பிழைப்பது குறைவு என்று கேள்விப்பட்டதும் இன்னொரு காரணம்.

அது முழுப் பொய் இல்லை. புளோரிடா மாநில ஆஸ்பத்திரிகளுக்கு 1991 முதல் 2010 வரை மாரடைப்போடு வந்த சுமார் 5 லட்சத்து 80 ஆயிரம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2018 இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆண் வைத்தியர் பார்த்த பெண்களில் 100க்கு 13 பேரளவிலும், பெண் வைத்தியர் பார்த்த பெண்களில் 12 பேரளவிலும் இறந்திருந்தார்கள். ஆனால் பெண் நோயாளிகளை நிறையப் பார்த்துப் பழகிய ஆண் வைத்தியர்களிடம் இந்த வித்தியாசம் குறைவு. பெண்கள் சொல்வதை விளங்கிக்கொள்வதில்தான் சிக்கல் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மாரடைப்பில் பெண்களுக்கும் பெரும்பாலும் நெஞ்சு நோதான் வரும். ஆனால் மூச்சு வாங்குதல், சத்தி வருமாப்போல இருத்தல், தாடை நோ, முதுகு நோ, காரணமில்லாத களைப்பு என்பவையும் சேர்ந்து வரலாம். எங்கட ஆக்கள் இதை வாய்வு என்று சொல்லி, இஞ்சிப் பிளேன்ரீ குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உடனே 911 எடுங்கள்.

பெரிய மாரடைப்பென்றால், ஆஸ்பத்திரிக்குள் வந்து 90 நிமிடத்துக்குள் அடைபட்ட இரத்தக் குழாயைத் திறக்க வேண்டும் என்பது இங்குள்ள இலக்கு. மணிக்கட்டாலோ தொடை இடுக்காலோ மெல்லிய குழாயொன்றை விட்டு, பலூனால் திறந்து, ஸ்டென்ட் வைப்பார்கள். இந்த நாட்டில் இதைச் செய்யும் வைத்தியர்களில் 10க்கு ஒருவர்கூடப் பெண் இல்லை. நடுச்சாமத்தில் பெண் வைத்தியர் வரட்டும் என்று இருந்தால், அந்த நேரத்துக்குள் இருதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். ஈசிஜி எடுக்கப் பெண் தாதி வேண்டும், துணியால் மூடிவிடுங்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். ஆள் இல்லையென்றால் அதற்காகவும் நிற்க வேண்டாம். முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் சிகிச்சையென்றால், அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே பெண் வைத்தியரைக் கேளுங்கள்.

அதைவிட அவசியமாகக் கேட்க வேண்டியது மொழிபெயர்ப்பாளரை. "தமிழ் இன்டர்பிரெட்டர் பிளீஸ்" என்று சொன்னால் போதும். பெரும்பாலும் ரெலிபோனில் எடுத்துத் தருவார்கள். காசு இல்லை. கணவரை மொழிபெயர்க்க விடாதீர்கள். நீங்கள் ஐந்து நிமிடம் சொன்னதை அவர் "ஷி இஸ் டயர்ட்" என்று முடித்துவிடுவார்! பிள்ளைகளையும் விடாதீர்கள். சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிட முன்பு, என்ன செய்யப்போகிறார்கள் என்று தமிழில் கேட்டு அறியுங்கள்.

விசா இல்லை, இன்சூரன்ஸ் இல்லை என்று பயந்து வீட்டில் இருக்க வேண்டாம். 1986 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரைப் பரிசோதித்து, உயிராபத்து நீங்கும்வரை பார்க்க வேண்டும். டெக்சாஸில் இருப்பவர்களுக்கு: 2024 நவம்பரிலிருந்து அங்கே பல ஆஸ்பத்திரிகளில் குடிவரவு நிலை பற்றிக் கேட்கிறார்கள். பதில் சொல்லாமல் விடலாம், அதனால் வைத்தியம் நிற்காது. பில் வந்தால் கிழித்தெறியாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். நியூ ஜெர்சியில் இருந்தால் ஆஸ்பத்திரியிலேயே "சாரிட்டி கெயார்" படிவம் கேட்டு வாங்குங்கள்.