உங்களுக்குத் தெரியுமா? ஐந்து பெயருள்ள தண்ணீர்

நீலகிரியின் முக்குருத்தி சிகரத்தில் (2,554 மீட்டர்) புறப்படும் தண்ணீருக்கு அங்கே பெயர் முக்குருத்தி ஆறு. சற்று இறங்கியதும் பைக்காரா, அடிவாரக் காட்டில் மோயாறு. சிலர் மாயாறு என்றும் எழுதுகிறார்கள். பவானிசாகர் அணையில் பவானி, கூடுதுறையில் காவிரி.

பைக்காரா வடக்கே ஓடி, மலை விளிம்பில் மேற்கே திரும்பி அருவிகளாக விழுகிறது. பார்த்தால் அரபிக்கடலுக்கே போய்விடும் போலிருக்கும். கீழே இறங்கியதும் மனம் மாறிக் கிழக்கே நடக்கிறது! பவானியின் கதை இதைவிட வேடிக்கை. அதுவும் நீலகிரியின் தென்மேற்கு மூலையில்தான் பிறக்கிறது. கேரளத்துக்குள் இறங்கி, முக்காலியில் திரும்பி, அட்டப்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்கே வந்துவிடுகிறது. அக்கம்பக்கத்தில் பிறந்த இரண்டில் ஒன்று மலையை வடக்காகவும் மற்றது தெற்காகவும் சுற்றிவந்து, பவானிசாகரில் சந்திக்கின்றன.

முதுமலைக்குக் கிழக்கே மோயாறு ஓடும் ஆழமான பள்ளத்தாக்குக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'மைசூர் டிச்'. பாறுக் கழுகுகள் கூடு கட்டும் இடத்தைச் சாக்கடை வாய்க்கால் மாதிரி அழைக்க எப்படித்தான் மனம் வந்ததோ.

தோடர்களுக்குப் பைக்காரா புனித ஆறு. அதைக் கடக்கும்போது ஆண்கள் போர்வையிலிருந்து வலக்கையை வெளியே எடுத்து வணங்கும் வழக்கத்தை 1906-இல் எழுதிவைத்த ஆய்வாளரின் பெயர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். பெயர்ப் பொருத்தம்!

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. கோவையில் பஞ்சாலைகள் பெருகியதற்கு அந்த மின்சாரம் பெரிய காரணம்.

தெப்பக்காடு யானை முகாம் மோயாற்றங்கரையில்தான் இருக்கிறது. 2023-இல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தில் வரும் அதே முகாம்.

தெங்குமரஹாடா நீலகிரி மாவட்டத்துக் கிராமம். ஆனால் பஸ் வருவது ஈரோடு மாவட்டம் பவானிசாகர் பக்கமிருந்து, அதுவும் அக்கரை வரைதான். பிறகு மோயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும்.

காவிரிப் படுகையின் திமில் மகசீர் ஐம்பது கிலோவுக்கு மேல் வளரக்கூடிய மீன். தூண்டில்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதைத் தேடி அலைந்தார்கள். அதற்கு எந்த அறிவியல் பெயர் உரியது என்பது 2018-இல்தான் தீர்ந்தது: 'டோர் ரேமாதேவி'. கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த மீனுக்கு 2007-இல் வைத்த பெயர் அது. இரண்டும் ஒரே இனம் என்று காட்ட உதவியவை மோயாற்றில் பிடித்த மீன்கள். 2018-இலேயே அது மிக அருகிவிட்ட உயிரினங்களின் பட்டியலிலும் ஏறியது.