குவாலிஸ் என்ஜினை இறக்கும் முன்

“வண்டி புகை தள்ளுது, ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது, ஆயில் வேற குடிக்குது.” குவாலிஸ் வைத்திருப்பவர் இப்படிச் சொன்னால் இரண்டு யோசனைகள் உடனே வந்து விழும். “என்ஜினை இறக்கி வேலை பார்த்துடுங்க” என்பார் ஒருவர். “புதுப்பேட்டையில செகண்ட் என்ஜின் கிடைக்கும், மாத்திடுங்க, ரெண்டு நாள்ல வண்டி ரெடி” என்பார் இன்னொருவர். அந்த என்ஜினுக்கு என்ன வந்திருக்கிறது என்று இருவருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

2000-இல் இந்தியாவுக்கு வந்த குவாலிஸ், 2005-இல் இன்னோவா வந்தபோது விடைபெற்றது. ஆனாலும் இன்றைக்கும் பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறது. காரணம், அதன் 2,446 சிசி டீசல் என்ஜின். டர்போ கிடையாது, காமன் ரெயில் கிடையாது. பம்ப், நாசில் எல்லாமே மெக்கானிக்கல். சுமார் 75 குதிரைத் திறன்தான். ஆனால், ஊர்ப் பட்டறையில் பிரித்துப் பூட்டக்கூடிய என்ஜின். இந்த ஒரு குணமே பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது.

முதலில் நோய் என்ஜினில்தானா என்று பாருங்கள். கரும்புகை என்றால் நாசில் சரியாகத் தூவாமல் இருக்கலாம், பம்ப் அதிகமாக டீசல் விடலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். இதற்கெல்லாம் என்ஜினை இறக்க வேண்டியதில்லை. நாசிலையும் பம்பையும் டீசல் பம்ப் கடையில் பெஞ்சில் போட்டுப் பார்த்தால் போதும். காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் குளோ பிளக்கை முதலில் சோதியுங்கள். நீலப்புகைதான் கவலைக்குரியது. ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அப்போதும் வால்வு சீலா, பிஸ்டன் ரிங்கா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

அதற்குப் பதில் சொல்லும் சோதனை எளிது. குளோ பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டராகக் காற்றை ஏற்றுவார்கள். பிஸ்டன் உச்சத்தில், வால்வுகள் மூடிய நிலையில் இருக்க வேண்டும். பிறகு காதை வைத்துக் கேட்க வேண்டியதுதான். ஆயில் கேப் வழியாகச் சீறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட், அல்லது ஹெட்டிலேயே விரிசல். கம்ப்ரஷன் கேஜில் நல்ல டீசல் சிலிண்டர் முப்பது பார் அளவுக்குக் காட்டும். நான்கும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் வயசு. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்த ஒன்றில்தான் கோளாறு. இந்தச் சோதனையைச் செய்யாமல் என்ஜினை இறக்கச் சொல்லும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

இறக்கியாக வேண்டும் என்று ஆகிவிட்டால் என் ஓட்டு ரீபில்டுக்குத்தான். ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். மேல் ரிங் திரும்பும் இடத்தில் ஒரு படி போலத் தட்டினால் போர் தேய்ந்திருக்கிறது. இந்த என்ஜினின் போர் 92 மில்லிமீட்டர். லேத்தில் அரை மில்லிமீட்டர் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அதிகம் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் இறக்கலாம். கிராங்க்கில் கோடு விழுந்திருந்தால் கிரைண்டிங் போட்டு அண்டர்சைஸ் பேரிங் பூட்டலாம். நல்ல லேத்துக்காரர் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் போர் கேஜ் விட்டு அளந்து எழுதித் தருவார். வேலைக்கு முன்னும் பின்னும் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். என்ஜின் வேலையின் ஆயுள் மெக்கானிக்கைவிட அந்த லேத்துக்காரர் கையில்தான் அதிகம் இருக்கிறது.

செகண்ட் என்ஜினில் நமக்குத் தெரியாதது நிறைய. அதன் பழைய சொந்தக்காரர் ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றினாரா, ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினாரா என்று வெளியில் பார்த்தால் தெரியாது. உப்புத் தண்ணீர் ஓடிய என்ஜினில் நீர்ப்பாதை முழுக்கத் துருவும் படிவும்தான். அது சூடாகும், ஹெட் வளையும், விரிசலும் விடும். நம் வண்டியின் சரித்திரம் நமக்குத் தெரியும் என்பது பெரிய சொத்து.

ஆனால், கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கைக் கிழித்திருந்தால் விவாதமே வேண்டாம், என்ஜினை மாற்றுங்கள். அதே மாடல் என்ஜினாக, பில்லோடும் அது கழற்றப்பட்ட வண்டியின் ஆர்.சி. நகலோடும் வாங்குங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி மாற்றத்தை 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்தாக வேண்டும். ஆர்.சி.யில் ஒரு நம்பரும் பிளாக்கில் வேறு நம்பரும் இருந்தால் விற்க முடியாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் சிக்கலாகும்.

‘இன்னோவா என்ஜினையே தூக்கிப் போட்டுடலாம்’ என்ற ஆசை சிலருக்கு உண்டு. 102 குதிரைத் திறன் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அது காமன் ரெயில் என்ஜின். கூடவே இசியு, வயரிங், சென்சார்கள் என்று ஒரு பரிவாரமே வரும். பிரேக் மட்டும் 75 குதிரைக்குப் போட்டதாகவே இருக்கும். தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து விலகி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கறாராகச் சொல்லிவிட்டது. குழந்தைகளை ஏற்றிப் போகும் வண்டியில் இந்தப் பரிசோதனை வேண்டவே வேண்டாம்.

எந்த வழியானாலும், பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பின் ஸ்பிரிங் பிராக்கெட் பக்கம் துரு உதிர்ந்து ஓட்டை தெரிந்தால் எஃப்.சி.யில் நிற்காது. பதினைந்து ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. இருபது ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025-இல் அது மேலும் ஏறிவிட்டது. புதுப்பித்தால் கிடைப்பது ஐந்து ஆண்டு. அந்த ஐந்து ஆண்டைச் சேஸிஸ் தாங்குமென்றால் தாராளமாக என்ஜினைப் பிரிக்கச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட் மூன்றையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மலைப்பாதையும் முழு லோடும் வேண்டாம். அது முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, பழனிக்குக் கிளம்புங்கள்.