இரு பக்கமும் கடல்: கைக்கு எட்டும் செலவில் திருகோணமலை

விடியற்காலையில் டச்சுக் குடாக் கரையில் நின்றால் சூரியன் வங்கக் கடலிலிருந்து எழும். மாலையில் நகரத்தின் மறுபக்கம் நடந்து உள்துறைமுக வீதிக்கு வந்தால், அதே சூரியன் துறைமுக நீருக்கு அப்பாலுள்ள குன்றுகளில் இறங்கும். இரண்டு கரைகளுக்கும் இடையே நடைதூரம்தான். நுழைவுச்சீட்டு கிடையாது. செலவென்று பார்த்தால் ஒரு பிளேன்டீயின் விலை.

கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு குறுகிய நிலத்தில் அமைந்த நகரம் திருகோணமலை. மத்தியதரைக் கடலில் மால்டாவின் தலைநகர் வலெட்டாவும் இப்படித்தான், இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே கோட்டை நகரங்கள். இரண்டுமே பிரித்தானியக் கடற்படையின் தளங்களாக இருந்து, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சைச் சந்தித்தவை. வலெட்டாவுக்குப் போகும் பயணிகள் நடந்தும் பஸ்ஸில் ஏறியும் ஊரைச் சுற்றுகிறார்கள். திருகோணமலையையும் அப்படிச் சுற்றலாம் என்பது நம்மவர் பலருக்குத் தோன்றுவதில்லை. கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வான் பிடித்து வந்து, கோணேசரைக் கும்பிட்டு, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்து, இருட்டுமுன் திரும்பிவிடும் குழுக்களைக் கோட்டை வாசலில் அடிக்கடி காணலாம். அவர்களுடைய பணத்தில் பெரும்பகுதி வானுக்கும் டீசலுக்கும் போய்விடுகிறது. ஊருக்குக் கிடைப்பது சொற்பம். ஊரும் அவர்களுக்குச் சொற்பமாகவே கிடைக்கிறது.

இரவு ரயில்

கொழும்பு கோட்டையிலிருந்து திருகோணமலைக்கு இரவு அஞ்சல் ரயிலில் வருவதில் இரட்டை இலாபம் உண்டு. பயணச் செலவு குறைகிறது. ஓர் இரவுக்கான விடுதிச் செலவும் மிச்சமாகிறது. 1927இல் திறக்கப்பட்ட இந்தப் பாதை கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையிலிருந்து பிரிகிறது. யானைகள் குறுக்கிடும் காடுகளைக் கடக்க வேண்டியிருப்பதால் ரயில் அவசரப்படாது. வெளிச்சம் வரும் நேரத்தில் விழித்திருப்பவர்களுக்கு கந்தளாய், தம்பலகாமம் வயல்வெளிகளும், அதன்பின் சீனக்குடாவில் எட்டிப்பார்க்கும் கடலும் கிடைக்கும். ஆசனங்களை 30 நாட்களுக்கு முன்பிருந்தே பதியலாம். விடுமுறைக் காலத்தில் அப்படிப் பதிந்துகொள்வதே நல்லது. மழை வெள்ளக் காலத்தில் சேவை உண்டா என்று விசாரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

பஸ்ஸில் வருவோருக்குக் கொழும்பிலிருந்து தம்புள்ளை, ஹபரணை வழியாக ஏறத்தாழ 260 கிலோமீட்டர். கண்டி, யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பிலிருந்தும் நேரடி பஸ்கள் உண்டு. நகர பஸ் நிலையத்தில் இறங்கினால் பத்திரகாளி அம்மன் கோயிலும் சந்தையும் கடற்கரையும் காலடியில்.

கால்நடையாக ஒரு காலை

முதல் நடை பிரட்றிக் கோட்டைக்கு. இராணுவம் இன்னும் உள்ளே இருந்தாலும் கோயிலுக்குப் போகும் பாதை பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. வாயிலில் அவசரப்படாமல் நின்று சுவரைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு கல்லில் தமிழ் எழுத்துகளும் இரட்டைக் கயல் சின்னமும் தேய்ந்த நிலையில் தெரியும். 1622இல் தமிழ்ப் புத்தாண்டை ஒட்டிக் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், அந்தக் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர், பின்னர் மீண்டும் ஒல்லாந்தர், 1795இல் நிரந்தரமாக ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. அத்தனை பேரும் குறிவைத்தது அதன் பின்னாலிருந்த ஆழமான இயற்கைத் துறைமுகத்தை.

உள்ளே ஆலமர நிழலில் புள்ளிமான்கள் மேயும். சில சமயம் பஸ் நிலையம் வரைக்கும் வந்து நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் பயணிகள் எறியும் பொலித்தீன் பைகளையும் அவை தின்றுவிடுகின்றன. உணவுப் பொட்டலத்தின் உறையைப் பைக்குள் போட்டுத் திரும்பக் கொண்டுபோவது இங்கே உயிர்காக்கும் செயல்.

ஏற்றத்தின் முடிவில், கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் சுவாமி மலையின் உச்சியில் கோணேசர் கோயில். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம். 1950இல் கோயிலுக்கு அருகே கிணறு வெட்டும்போது பழைய வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் சுழியோடி மைக் வில்சனும் மலையடியில் மூழ்கிப் பார்த்து, இடிபட்ட கோயிலின் தூண்கள் கடலடியில் கிடப்பதைக் கண்டார்கள்.

கோயிலுக்கு வெளியே, இராவணன் வெட்டு எனப்படும் பிளவுக்கு அருகில் நின்று கடலைப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. துறைமுக வாயிலுக்கு வெளியே பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. கரைக்குக் கிட்டவே கடல் சட்டென்று ஆழமாகிவிடுவதால் நீலத் திமிங்கிலங்கள் இங்கு நெருங்கி வருகின்றன. பங்குனி முதல் ஆவணி வரையிலான காலத்தில், அலையற்ற காலைகளில், மலையிலிருந்தே அவற்றின் மூச்சு நீராவித் தூணாக எழுவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். படகில் போனால் கிட்டப் பார்க்கலாம். மலையில் நின்றால் இலவசம், பொறுமை மட்டும் வேண்டும்.

இறங்கி வந்து டொக்யார்ட் வீதிப் பக்கம் நடந்தால் பழைய ஆங்கிலேய மயானம். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை எழுதிய ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். 1852இல் பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில் கப்பலில் இறந்தவர் அவர்.

பஸ்ஸில் ஒரு பகல்

நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போகும் எந்த பஸ்ஸில் ஏறினாலும் வடக்குக் கரை முழுவதும் வசமாகும். முதலில் அலஸ்தோட்டம், உப்புவெளி. வீதியோரத்திலேயே இரண்டாம் உலகப் போர் வீரர்களின் மயானம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. ஒழுங்காக வெட்டப்பட்ட புல்லில் வரிசை வரிசையாக நிற்கும் கற்களில், இருபது வயதைத் தாண்டாத பையன்களின் பெயர்களும் உண்டு. இங்கே அரை மணி நேரம் செலவழிப்பவருக்கு, சீனக்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் ஏன் ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினார்கள் என்பது விளங்கிவிடும்.

அடுத்து நிலாவெளி. மணல் பொதுவானது, கடற்கரை விடுதியில் தங்கினால்தான் குளிக்கலாம் என்றில்லை. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா. திருகோணமலையில் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இது. வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்குக் கூடுதல். படகுக் கூலி பெரும்பாலும் ஆளுக்கென்று இல்லாமல் படகுக்கென்று பேசப்படுவதால், கரையில் காத்திருக்கும் வேறு பயணிகளுடன் சேர்ந்தால் பங்கு குறையும். முருகைக்கற்களின் மேல் கால் வைக்கக் கூடாது. ஒரு கணத்தில் மிதித்து உடைப்பது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் எடுக்கும்.

மறுபக்கம், அநுராதபுர வீதியில் போகும் பஸ்ஸில் ஏறிக் கன்னியாச் சந்தியில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் வெந்நீர்க் கிணறுகள். சிறிய சதுரத் தொட்டிகளாக ஏழு; ஒவ்வொன்றிலும் சூடு வேறு. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டே ஒவ்வொன்றாகப் போகும்போது வித்தியாசம் உடம்புக்குத் தெரியும். தாய்க்கு அந்திமக் கிரியை செய்ய இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். அதனால் இன்றும் இறந்தவர்களுக்குக் கடன் செய்யக் குடும்பங்கள் வருகின்றன. குளிக்க வருவோர் அந்த இடத்துக்குரிய அமைதியைக் காப்பது மரியாதை. இதே திசையில் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி அது. தமிழர்கள் அதற்குக் கொடுத்த கொடைகளைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்தன. அதற்கு மட்டும் ஓட்டோ பிடிப்பது வசதி. ஏறுமுன் கூலியைப் பேசிக்கொள்ள வேண்டும்.

தெற்கே கிண்ணியா. முன்பெல்லாம் வாகனமும் ஆளும் படகுப்பாதையில் ஏறித்தான் அக்கரை சேர்ந்தார்கள். 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட 396 மீட்டர் நீளப் பாலம் அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தது. இங்கிருந்து மூதூர் வரை பஸ்ஸில் போனால், கொட்டியாரக் குடாவைச் சுற்றி வந்த கணக்கு. 1660இல் ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் சிறைப்பிடிக்கப்பட்டது இந்தக் கரையில். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் அடைபட்டிருந்துவிட்டுத் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது.

எப்போது, எங்கே, எப்படி

மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். வாடைக் காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழையும் கொந்தளிப்பும். புறாத்தீவுப் படகுகளை அப்போது நம்ப முடியாது. பருவ காலத்தில் உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் விலையேறும். நகரத்துக்குள் அறை எடுத்துப் பகலில் பஸ்ஸில் போய்வருவது மலிவு. காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும், மதியத்துக்கு மீன்குழம்புடன் சோற்றுப் பார்சல், இரவில் கொத்து ரொட்டி என்று சாப்பிட்டால் உணவுச் செலவு கையைக் கடிக்காது. பின்னேரத்துக்குப் பிறகு கிராமப்புற பஸ்கள் குறைவு. போகும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டுவிட வேண்டும்.

கோணேசரைக் கும்பிட ஒரு பகல் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வானை விட்டுவிட்டு ரயிலில் வாருங்கள், இரண்டு இரவுகள் தங்குங்கள். வானுக்குக் கொடுக்கும் காசு சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் படகோட்டிக்கும் அறை வாடகைக்கு விடும் குடும்பத்துக்கும் போய்ச் சேரட்டும்.